உறையுமா, உறையாதா?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. கல்லீரல் சுருக்க நோய். சென்ற வாரம் ரத்த வாந்தி எடுத்தார். எண்டோஸ்கோப்பி வழியாக உணவுக்குழாயில் ஊசி போட்டு நிறுத்தினார்கள். “உள்ளே ரத்தம் உறைய மருந்து போட்டிருக்கிறோம்” என்றார் டாக்டர். ரிப்போர்ட்டிலோ ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.9, தட்டணுக்கள் (பிளேட்லெட்) 68,000. இவருக்கு ரத்தம் சீக்கிரம் உறையாதாம். எதை நம்புவது? உறைந்த கட்டி மூளைக்குப் போய்விடுமோ? தினமும் ஒரு ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்கிறார் என் கொழுந்தனார்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்த ஆஸ்பிரின் அட்டையைக் கொழுந்தனாரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அம்மா. ஊசி போட்ட இடம் ஓரிரு வாரத்தில் புண்ணாகும். அந்த நேரத்தில் ஆஸ்பிரினோ, டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையோ போட்டால் மறுபடி ரத்தம் கொட்டலாம்.

டாக்டர் சொன்னதும் சரி, ரிப்போர்ட்டும் சரி. கல்லீரல் சுருங்கியதால் குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் நுழைய முடியாமல், உணவுக்குழாயின் சிரைகள் வழியாகத் திரும்புகிறது. அவை புடைத்து வெடித்ததுதான் அந்த ரத்த வாந்தி. ஊசியில் போன மருந்து சிரையின் உள்சுவரை வேண்டுமென்றே புண்ணாக்கும். அங்கே ரத்தம் உறைந்து அடைக்கும், நாளாவட்டத்தில் தழும்பாகிவிடும். உறைவதுதான் வைத்தியமே.

மருந்தில் கொஞ்சம் ரத்தத்தோடு நழுவும். உணவுக்குழாய்ச் சிரைகளின் ரத்தம் நெஞ்சுக்குள் ஓடும் அசைகஸ் என்ற சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும். ஆகவே நேரே மூளைக்குப் போக வழியில்லை. ஓரிரு நாள் நெஞ்சு வலியும் லேசான காய்ச்சலும் பலருக்கு வரும். உடம்பு முழுக்க ரத்தம் தாறுமாறாக உறைவது மிக அபூர்வம்.

இப்போது ஐ.என்.ஆர். இதைத்தான் டாக்டர்களான எங்கள் ஆட்களிலேயே பலர் தப்பாகப் படிக்கிறார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது கல்லீரல்தான். உறைதலுக்குக் கடிவாளம் போடும் புரோட்டீன் சி, ஆன்டித்ராம்பின் ஆகியவற்றையும் அதுவே செய்கிறது. கல்லீரல் கெட்டால் இரண்டு பக்கமும் குறையும். ஐ.என்.ஆர். பார்ப்பது ஒரு பக்கத்தை மட்டும். ஆகவே 1.9 என்பதால் உங்கள் கணவரின் ரத்தம் தண்ணீராகிவிட்டது என்று அர்த்தமில்லை. கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையில் இந்த நோயாளிகளுக்கு ரத்தக் கட்டி உண்டாவதும் உண்டு. தட்டணு குறைவதற்குப் பெரும்பாலும் வீங்கிய மண்ணீரல்தான் காரணம். ஐ.என்.ஆரைச் சரிசெய்கிறேன் என்று பை பையாக பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றுவதும் நல்லதல்ல. ரத்தத்தின் அளவு கூடினால் அந்தச் சிரைகளில் அழுத்தமும் ஏறும்.

ஊசி பழைய முறை. 1939-லேயே ஸ்வீடனில் செய்தார்கள். இப்போது பெரியவர்களுக்கு ரப்பர் வளையம் மாட்டிச் சிரையைக் கட்டுவதுதான் வழக்கம். புண்ணாவதும் உணவுக்குழாய் சுருங்கி அடைபடுவதும் அதில் குறைவு. ரத்தம் பீறிட்டு எதுவும் தெரியாதபோது ஊசி கை கொடுக்கும். அந்த ராத்திரி அவர்கள் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த எண்டோஸ்கோப்பியில் வளையம் போட முடியுமா என்று கேளுங்கள். அந்தச் சிரைகளின் அழுத்தத்தைக் குறைக்கும் புரோப்ரனலால் அல்லது கார்வெடிலால் மாத்திரை தேவையா என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

மலம் தார் மாதிரி கறுத்தாலோ, காய்ச்சல் தணியாவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, சோறு நெஞ்சில் நின்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிறு திடீரென உப்பி வலித்தாலும் அப்படியே. போர்ட்டல் சிரையில் ரத்தக் கட்டி உண்டா என்று, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.