புழல் ஏரி வெள்ளக்காரன் தோண்டுனதா? - கேளுங்க சொல்றோம்

கே: சென்னைக்கு முதல்ல குழாய்த் தண்ணி குடுத்தது ரெட்ஹில்ஸ் ஏரிதானா? வெள்ளக்காரன் தோண்டுன ஏரின்னு எங்க தாத்தா சொல்வாரு, நிஜமா?
- பெரம்பூர் வாசகர்

ப: தாத்தா சொன்னது பாதி சரி. புழல் (ரெட்ஹில்ஸ்னு சொல்றதும் இதத்தான்), சோழவரம் ரெண்டுமே முன்னாடி விவசாயத்துக்கு இருந்த சின்ன ஏரிங்கதான், வெள்ளக்காரன் கரைய ஒசத்தி பெருசாக்குனான், அவ்ளோதான். அதுக்கு முன்னாடி ஊர்ல பாதி பேருக்கு வீட்டுக் கிணறும் கோயில் குளமும்தான் கதி, கோட்டைக்குள்ள இருந்தவங்களுக்கு மட்டும் 1772லயே ஏழுகிணறுல இருந்து தண்ணி போச்சு.

1866ல ஃப்ரேசர்னு ஒரு இன்ஜினியர் ஒரு பிளான் போட்டாரு, கொசஸ்தலை ஆத்துல தாமரைப்பாக்கத்துல அணைக்கட்டு கட்டி தண்ணிய மறிச்சு, சோழவரத்துக்குத் திருப்பி, அங்கருந்து புழலுக்கு, புழல்ல இருந்து கீழ்ப்பாக்கத்துக்குன்னு. 1872ல தண்ணி வந்துடுச்சு. ஆனா எப்டி வந்துச்சு தெரியுமா? மேல மூடியே இல்லாத மண் வாய்க்கால்ல! வழியில மாடு எறங்குச்சா, மனுஷன் எறங்குனானா யாரு பாக்குறது, அப்டியே கீழ்ப்பாக்கம் வந்து ஃபில்டர் எதுவும் இல்லாம இரும்புக் குழாய்ல ஊருக்குள்ள போச்சு. ஃபில்டர் வந்தது 1914லதான். கணக்குப் போட்டா 42 வருஷம்! மேட்லிங்கற இன்ஜினியர் காலத்துல வாய்க்காலுக்குப் பதிலா மூடுன கால்வாய் கட்டி, கீழ்ப்பாக்கத்துல மணல் ஃபில்டர், பம்பு எல்லாம் வெச்சாங்க. அந்த மணல் ஃபில்டர் விஷயமே தனி, தண்ணி மெதுவா மணலுக்குள்ள எறங்கும், மேல ஒரு பாசி மாதிரி வழவழன்னு படியும், கிருமிய புடிக்குறதுல பெரிய வேலை அதோடதுதான், ரொம்ப அழுத்தமா படிஞ்சா மட்டும் மேல் மணலச் சுரண்டி எடுப்பாங்க. தி.நகர் மேட்லி ரோடு அவரு பேர்லதான், தினம் அந்த சப்வேல டிராஃபிக்ல நிக்கறவங்க அவர நெனச்சுக்கலாம் (திட்டவும் செய்யலாம்).

கே: பூண்டிக்கு எதுக்கு சத்தியமூர்த்தி சாகர்னு பேரு?
- திருவள்ளூர் வாசகி

ப: தீரர் சத்தியமூர்த்தி சென்னை மேயரா இருந்தப்ப விடாப்பிடியா நின்னு கொண்டாந்த நீர்த்தேக்கத் திட்டம்ங்க அது. 1940ல வேலை ஆரம்பிச்சுது, வெளிய உலகப்போர் நடக்குது, சாமான் கெடைக்கறதே கஷ்டம். 1944ல முடிஞ்சப்ப பாக்க அவரு இல்ல, 1943லயே காலமாயிட்டாரு. அதான் அவரு பேர வெச்சாங்க. அதுவும் அதே கொசஸ்தலை ஆத்துல கட்டுனதுதான். ஆந்திரால கண்டலேறு அணைல இருந்து கிருஷ்ணா தண்ணி வந்து சேர்றதும் இங்கதான், அது 1996ல ஆரம்பிச்சுது.

கே: நியூஸ்ல டிஎம்சின்றாங்களே, புழல் ஃபுல்லானா எத்தன லிட்டர்?
- அயனாவரம் வாசகர்

ப: டிஎம்சின்னா ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது ஒரு டிஎம்சி சுமார் 2,831 கோடி லிட்டர். புழல் கொள்ளளவு 3.3 டிஎம்சி, நீங்களே பெருக்கிக்கோங்க. ஆனா அத்தனையும் குழாய்க்கு வராது, வெயில்ல ஆவியாப் போறதும் அடில நிக்குறதும் போக மிச்சம்தான் நமக்கு. அதுவும் வடகிழக்குப் பருவமழை கைவிட்டா காலி, 2019ல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி கொண்டாந்தாங்களே, அப்ப புழல் கிட்டத்தட்ட வெறும் தரையாத்தான் கெடந்துச்சு.