கொதித்த வோர்ட்டை விரைவாக ஆற்றுவது எப்படி? – வாசகர் கேள்விகள்

(வோர்ட் என்பது மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு; ஈஸ்ட் சேர்த்து நொதித்தபின் இதுவே பீராகிறது. இக்கேள்விகள், சொந்த உபயோகத்துக்காக வீட்டில் பீர் தயாரிக்கச் சட்டம் இடம்தரும் நாடுகளில் வசிக்கும் வாசகர்களிடமிருந்து வந்தவை. தமிழ்நாட்டில் உரிமமின்றி இதைச் செய்வது குற்றம்.)

கேள்வி: ஒவ்வொரு முறையும் 20 லிட்டர் பீர் தயாரிக்கிறேன். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்து ஒரு மணி நேரம் கொதித்த வோர்ட்டைத் தூசி விழாமல் மூடி, பாத்திரத்தோடு தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவைக்கிறேன். ஈஸ்ட் சேர்க்கும் பக்குவத்துக்கு ஆற இரவாகிவிடுகிறது. வெளிர்நிற பில்ஸ்னர் மால்ட்டில் செய்யும் பீரில் அவித்த முட்டைக்கோஸ் வாடை வருகிறது. ஆறுவதற்கும் வாடைக்கும் தொடர்பு உண்டா? இங்கே கோடையில் குழாய்த் தண்ணீரே 25 டிகிரி இருக்கிறது.
– வாசகர், பிரிஸ்பேன்

பதில்: நேரடியான தொடர்பு உண்டு. மால்ட்டில் இயல்பாகவே உள்ள எஸ்-மெத்தில் மெத்தியோனின் என்ற பொருள் சூட்டில் சிதைந்து டைமெத்தில் சல்பைடாக மாறுகிறது. நீங்கள் சொல்லும் வாடை அதனுடையதுதான். கொதிக்கும்போது அது ஆவியோடு வெளியேறிவிடும். அடுப்பை அணைத்த பிறகும், வோர்ட் ஏறத்தாழ 80 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை, அது உருவாகிக்கொண்டுதான் இருக்கும். கொதி அடங்கிவிட்டதால் வெளியேறும் வேகம் மட்டும் குறைந்துவிடுகிறது, மூடியும் போட்டுவிட்டால் ஆவி நீர்த்துளியாகி மறுபடி உள்ளேயே சொட்டுகிறது. பேல் ஏல் மால்ட்டைக் கூடுதல் சூட்டில் உலர்த்துவதால் அதில் இத்தொல்லை குறைவு, பில்ஸ்னர் மால்ட்டில் மிகுதி. கடைசியில் மணத்துக்காகச் சேர்த்த ஹாப்ஸும் இந்தச் சூட்டில் கிடக்கக் கிடக்க மணத்தை இழந்து கசப்பைக் கூட்டும்.

ஆகவே 80 டிகிரி வரை மூடியைத் திறந்தே வையுங்கள். 60 டிகிரிக்குக் கீழே வந்ததும் நிலைமை தலைகீழாகிறது: சர்க்கரை நிறைந்த இளஞ்சூடான வோர்ட் பாக்டீரியாவுக்கு விருந்து என்பதால், அதன்பின் மூடி அவசியம், அதைத் தொடும் கரண்டி முதல் குழாய் வரை அனைத்தும் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸில் உள்ள கான்டியோன் ஆலையில் லாம்பிக் பீருக்காக வோர்ட்டை அகலத் தொட்டியில் இரவு முழுவதும் திறந்தே ஆறவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே காற்றிலுள்ள காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வந்து சேர வேண்டும் என்பதே நோக்கம், அதையும் குளிர் மாதங்களில் மட்டுமே செய்கிறார்கள்.

இனி உங்கள் குழாய்த் தண்ணீர். வெப்பம் இறங்கும் வேகம் வோர்ட்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்தது. 100 டிகிரியில் இருக்கும்போது 25 டிகிரித் தண்ணீரே தாராளமாகப் போதும்; 40-ஐ நெருங்கும்போது அதே தண்ணீர் ஏறக்குறைய பயனற்றதாகிவிடும். பலரும் தொடக்கத்திலேயே ஐஸைக் கொட்டித் தீர்த்துவிடுகிறார்கள். 20 லிட்டரை 100-லிருந்து 20 டிகிரிக்கு ஐஸ் உருகுவதைக் கொண்டே இறக்குவதானால் 20 கிலோ ஐஸ் வேண்டும். 40-லிருந்து 20-க்கு இறக்க 5 கிலோ போதும். எனவே 40 வரை குழாய்த் தண்ணீர், அதன்பிறகே ஐஸ். சுமார் 15 மீட்டர் செப்புக்குழாயைச் சுருளாக வளைத்து வோர்ட்டுக்குள் இறக்கி அதனுள்ளே தண்ணீர் ஓடவிடுவதுதான் வீட்டுக்கு உகந்த ஏற்பாடு என்பது என் கருத்து. 40 வந்ததும் குழாய்த் தண்ணீர் இணைப்பைக் கழற்றிவிட்டு, வாளியில் உள்ள ஐஸ் தண்ணீரை ஒரு சிறு மீன்தொட்டி மோட்டாரால் அதே சுருளுக்குள் சுற்றிவர விடுங்கள்.

எதைச் செய்தாலும் கிளறுங்கள். அசையாத வோர்ட்டில் சுருளை ஒட்டிய பகுதி மட்டும் குளிர்ந்து, நடுவில் சூடு அப்படியே நிற்கும். கிளறினால் அரை மணி நேரத்துக்குள் வேலை முடிய வாய்ப்புண்டு. ஏல் வகை பீருக்கு 18 முதல் 20 டிகிரி வந்ததும் ஈஸ்ட்டைச் சேர்க்கலாம்.

கேள்வி: குளிர்காலத்தில் பாத்திரத்தை வெளியே பனியில் புதைத்துவைத்தால் போதாதா? இல்லையென்றால் ஐஸ்கட்டியை நேராக வோர்ட்டிலேயே போடலாமா? செப்புச் சுருள் வாங்கினால் பச்சை பிடிக்கும் என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, டொராண்டோ

பதில்: பனியில் புதைப்பது பார்க்கத்தான் நன்றாக இருக்கும். பாத்திரத்தைச் சுற்றியுள்ள பனி உருகி விலகியதும் இடையில் காற்று நிற்கும். காற்றும், காற்றடைந்த பனியும் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. உங்கள் ஊரில் குளிர்காலக் குழாய்த் தண்ணீரே சில்லென்று வரும்போது அதைச் சுருளில் ஓடவிடுவதுதான் விரைவான வழி. ஃப்ரீசர் ஐஸை நேராகப் போடாதீர்கள், அது கிருமியற்றதல்ல. தண்ணீரைக் கொதிக்கவைத்து, சுத்தமான மூடிய டப்பாவில் உறையவைத்திருந்தால் போடலாம். அந்த அளவு தண்ணீரை முதலிலேயே குறைத்துக்கொள்ள வேண்டும்.

பச்சைப் படிவு நஞ்சுதான், அதை வினிகரால் தேய்த்துக் கழுவிய பிறகே சுருளை உள்ளே விட வேண்டும். அடுப்பை அணைக்க 15 நிமிடம் இருக்கும்போதே சுருளை வோர்ட்டுக்குள் இறக்கிவிட்டால் கொதியே அதைக் கிருமிநீக்கம் செய்துவிடும். வோர்ட் சற்றுப் புளிப்புத்தன்மை கொண்டது என்பதால் மங்கலாக உள்ளே போகும் செம்பு பளபளவென்று வெளியே வரும். குழாய் இணைப்புகள் பாத்திரத்தின் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். கிளிப் தளர்ந்து ஒழுகினால் குழாய்த் தண்ணீர் வோர்ட்டில் விழுந்துவிடும்.

கேள்வி: ஆற்றவே ஆற்றாமல் கொதிக்கக் கொதிக்கக் கேனில் நிரப்பி மூடிவைக்கும் முறை பாதுகாப்பானதா?
– வாசகர், மெல்பர்ன்

பதில்: வறட்சியால் தண்ணீர்க் கட்டுப்பாடு நிலவிய ஆண்டுகளில் உங்கள் நாட்டில் பரவிய முறை அது. சூடு தாங்கும் உணவுத்தரக் கேனில் காற்றில்லாமல் நிரப்பி, இறுக மூடி, மூடியின் உட்புறத்தையும் சூடு தொடும்படி சாய்த்துவைப்பார்கள். கண்ணாடிக் கலனில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது, வெடித்துவிடும். சூடு நெடுநேரம் நிற்பதால் கசப்பு ஏறும், ஆகவே ஹாப்ஸைத் தாமதமாகச் சேர்க்க வேண்டும். மறுநாள் ஆறியதுமே ஈஸ்ட்டைச் சேர்த்துவிடுங்கள். வோர்ட்டின் பி.எச். (புளிப்பின் அளவு; எண் கூடினால் புளிப்பு குறைவு) 4.6-க்கு மேல் இருப்பதாலும், கேனுக்குள் காற்று இல்லாததாலும், பாட்டுலிசம் என்ற கொடிய உணவுநஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவின், கொதியில் சாகாத வித்துகள் முளைக்க இடமுண்டு. அறைச் சூட்டில் வாரக்கணக்கில் அடுக்கிவைப்பவர்களைப் பார்த்து நீங்களும் அப்படிச் செய்ய வேண்டாம்.