கணக்கு வழக்கு: உயிர்வேதியியலுக்கு 6 லட்சம் கடன் வாங்கலாமா?

வாசகர்களின் பணக் கேள்விகளுக்குக் கிருஷ்ணகிரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் பதிலளிக்கிறார்.

கேள்வி: மகள் பிளஸ் டூவில் 521 மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். நீட் கைகொடுக்கவில்லை. கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. உயிர்வேதியியல்தான் படிப்பேன் என்கிறாள். கட்டணமும் விடுதியும் சேர்த்து வருடத்துக்கு 2 லட்சம். கிருஷ்ணகிரியில் அரசுக் கல்லூரியில் வேதியியல் இடம் கிடைத்திருக்கிறது. அதை ஏறெடுத்தும் பார்க்க மறுக்கிறாள். 6 லட்சம் கல்விக் கடன் தர வங்கி சம்மதித்துவிட்டது. எங்களுக்கு இருப்பது மூன்று ஏக்கர் மாந்தோப்பு. ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் கைவிரிக்கும். படித்து முடித்ததும் பெங்களூரில் 40,000 சம்பளம் என்று கல்லூரியில் சொன்னார்களாம். துணிந்து வாங்கலாமா?
- வாசகி, போச்சம்பள்ளி

பதில்: வங்கி சம்மதித்துவிட்டது என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. 7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. சொத்து ஈடு கேட்காமலே மேலாளர் கையெழுத்துப் போடலாம். கடன் திரும்பி வருமா என்ற கவலை அவருக்கு அந்த அளவில் குறைவு. உங்களுக்கு அப்படியல்ல.

வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத் தொடக்கத்தில் 2 லட்சம் வீதம் மூன்று தவணையாகக் கல்லூரிக்குப் போகும். படிக்கும் மூன்று வருடமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் 2 லட்சத்துக்கு நான்கு வருட வட்டி 80,000, அடுத்ததற்கு 60,000, கடைசிக்கு 40,000. ஆக, கட்டத் தொடங்கும் நாளில் கடன் 7,80,000. பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 10,300 ரூபாய். பதினைந்து வருடம் என்றால் சுமார் 8,400. பதினைந்து வருடத்தைத் தேர்ந்தெடுத்தால் மொத்தம் 15 லட்சத்துக்கும் மேல் கட்டியிருப்பீர்கள்.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். கடன் ஆய்வுக்காகக் காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும்போதெல்லாம் அங்கிருக்கும் சிறிய ஆய்வகத்தை எட்டிப் பார்ப்பது என் வழக்கம். வெள்ளைக் கோட்டு அணிந்த பெண் ஒரு துளிக் கூழை ஒளிவிலகல்மானியின் கண்ணாடியில் வைத்து, கூழின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவைப் படித்து, பதிவேட்டில் எழுதுவார். பெங்களூரா ரகத்துக்கு 14-க்குக் குறைந்தால் சரக்கு நிற்கும். அடுத்து அமிலத்தன்மை, பிறகு பி.எச். பொறுப்பான வேலை. ஆனால் உங்களுக்கே தெரியும், பழம் வருவது மே முதல் ஜூலை வரை. பலருக்கு வேலையும் அவ்வளவுதான். வருடம் முழுக்க வேலை தரும் மருந்து ஆலைகள் ஓசூரைத் தாண்டினால் பொம்மசந்திரா பக்கம் உண்டு. வெறும் பி.எஸ்சி.யோடு அங்கே நுழைகிறவர்களுக்கு நான் கேள்விப்படும் தொடக்கச் சம்பளம் 15,000-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. வாடகையும் சாப்பாடும் போக அதில் 8,400 எங்கிருந்து வரும்?

அந்த 40,000 பற்றிக் கல்லூரியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: போன வருடம் உயிர்வேதியியல் முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஆய்வகத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? வளாகத் தேர்வில் வேலை கிடைத்தது என்று காட்டும் பட்டியலில், மருத்துவக் குறிப்புகளைக் காப்பீட்டுக்கான குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் நிறுவனங்கள்தான் நிறைய இருக்கும். அதைக் குறைத்துச் சொல்லவில்லை, மாதச் சம்பளம் வரும் வேலைதான். ஆனால் விலங்கியல் படித்தவரையும் தாவரவியல் படித்தவரையும் அதே நாற்காலியில்தான் உட்கார வைக்கிறார்கள். அதற்கு 6 லட்சம் எதற்கு?

உயிர்வேதியியல் சோறு போடாத படிப்பு என்று சொல்லவில்லை. எம்.எஸ்சி.க்குப் பிறகுதான் போடும் என்கிறேன். சிக்கலே அங்குதான். பி.எஸ்சி.க்கே கடனை இழுத்துவிட்டால், எம்.எஸ்சி. படிக்க வேண்டிய இரண்டு வருடத்தில் தவணை வாசலில் நிற்கும். கடனை அடைக்க வேலைக்குப் போவாள். மேற்படிப்பு அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தள்ளிப்போகும். இப்படி நின்றுபோன பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, என் மேஜைக்கு எதிரே நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் பதில்: வாங்காதீர்கள். கிருஷ்ணகிரி வேதியியலில் சேரட்டும். பல பல்கலைக்கழகங்கள் எம்.எஸ்சி. உயிர்வேதியியலுக்கு வேதியியல் பட்டதாரிகளையும் எடுத்துக்கொள்கின்றன. எந்தத் துணைப்பாடம் வேண்டும் என்பதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்சி. சேர்க்கைக்காக ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஜாம் தேர்வுக்கு இரண்டாம் வருடத்திலிருந்தே படிக்கலாம். எம்.எஸ்சி. முடித்து நெட் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வாகி, பிஎச்.டி.க்கும் சேர்ந்துவிட்டால் மாதம் 37,000 ரூபாய். கல்லூரிக்காரர் சொன்ன 40,000-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது, கடனில்லாமல்! கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால் அதை எம்.எஸ்சி.க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மகளிடம் நீங்கள் சொன்னால் கோபம்தான் வரும். தாளும் பேனாவும் கொடுத்து மேலே உள்ள கணக்கை அவளையே போடச் சொல்லுங்கள். 521 வாங்கியவளுக்குத் தனிவட்டி தெரியாதா என்ன?

கேள்வி: மகன் படிப்புக்கு வாங்கிய 3 லட்சம் கல்விக் கடன் இரண்டு மாதமாகக் கட்டவில்லை. வேலை கிடைக்கவில்லை. நிலத்தை எடுத்துக்கொள்வார்களா?
- விவசாயி, பாலக்கோடு

பதில்: 4 லட்சத்துக்குள் நிலத்தை ஈடு வைத்திருக்க மாட்டீர்கள். எனவே நீதிமன்றம் போகாமல் வங்கி நேரடியாக நிலத்தைத் தொட முடியாது. ஆனால் நீங்களும் இணைக் கடன்தாரர். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். யார் கடனை எப்படிக் கட்டினார்கள் என்று வங்கிகள் பார்க்கும் சிபில் பதிவில் அது உங்கள் பெயரிலும் ஏறும். அடுத்த டிராக்டர் கடனில் வந்து நிற்கும். தொலைபேசியை எடுக்காமல் இருப்பது உதவாது. இந்த வாரமே கிளைக்குப் போய், தவணையை மாற்றியமைக்கச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

கேள்வி: புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறேன். கல்விக் கடனும் வாங்கலாமா?
- மாணவி, பென்னாகரம்

பதில்: தாராளமாக. 1 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி மாதம் 833 ரூபாய். அந்த 1,000 ரூபாயை அப்படியே வட்டியில் கட்டிவிடு. படிப்பு முடியும்போது வாங்கிய 1 லட்சத்துக்கு மேல் ஏறியிருக்காது, மிச்சம் 167 ரூபாய் பஸ் செலவுக்கு ஆகும்.