"முதலில் எடையைக் குறையுங்கள்" என்கிறார்கள், யாரிடம் போவது?

கேள்வி: எனக்கு 26 வயது. திருநம்பி. எடை 98 கிலோ. ஓராண்டாகச் சரியான தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. முதலில் பார்த்த கவுன்சலர், "20 கிலோ குறைங்க, மனசு தானா சரியாகிடும்" என்றார். அடுத்தவர், "பொண்ணா இருந்து பழகுங்க" என்றார். பல நாள் மாலை வரை பட்டினி கிடந்துவிட்டு ராத்திரி கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுகிறேன். சரியான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகர், மதுரை)

பதில்: இரண்டாமவர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அவர் சொன்னது சிகிச்சையே அல்ல. ஒருவருடைய பாலின அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்யவும், அதில் ஈடுபடுவோரின் உரிமத்தைப் பறிப்பது வரை நடவடிக்கை எடுக்கவும் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில்முறை ஒழுங்கீனமாக அறிவித்தது. ஆனால் உரிமமே இல்லாதவரிடம் எதைப் பறிப்பது? 'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிடுகிறார்கள். அதனால் பதிவு எண்ணைக் கேளுங்கள். மனநல மருத்துவருக்கு மாநில மருத்துவக் கவுன்சில் பதிவு, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு இருக்க வேண்டும். சொல்லத் தயங்குகிறவரை விட்டுவிடுங்கள்.

பதிவு இருந்தாலும் எடையைப் பற்றிய பார்வை சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பணம் கட்டும் முன் போனில் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். "எடை குறைப்பதற்காக நான் வரவில்லை. தூக்கத்துக்கும் சோர்வுக்கும் சிகிச்சை தருவீர்களா?" என்று கேளுங்கள். "சரி, ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க?" என்று பதில் வந்தால் நல்ல அறிகுறி. "சரிதான், ஆனா உங்க நல்லதுக்குத்தான்..." என்று இழுத்தால் அந்த 'ஆனா' ஒவ்வொரு சிட்டிங்கிலும் வரும். இன்னொரு கேள்வியும் உதவும்: "இதே தொந்தரவோடு 60 கிலோ உள்ளவர் வந்தால் என்ன செய்வீர்கள்?" அவருக்குச் செய்வதைத்தான் உங்களுக்கும் செய்ய வேண்டும்.

அடையாளம் பற்றிய கேள்வியை நம் மொழிக்கு ஏற்பக் கேளுங்கள். எதிரே உட்கார்ந்து 'நீங்க' என்று பேசும்வரை எல்லோரும் மரியாதையாகத்தான் தெரிவார்கள். நீங்கள் இல்லாத இடத்தில்தான் 'அவன்', 'அவள்' வரும். ஆகவே, "என் அம்மாவிடம் பேச நேர்ந்தால் என்னை எப்படிச் சொல்வீர்கள்? ஃபைலில் எந்தப் பெயர் இருக்கும்?" என்று கேளுங்கள். அம்மாவிடம் பேசுவதே உங்கள் சம்மதத்தோடுதான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23 உங்கள் தகவலை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு.

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய பட்டினியை முதல் சிட்டிங்கிலேயே சொல்ல வேண்டும். பகல் பட்டினிதான் ராத்திரிச் சாப்பாட்டைக் கட்டுமீறச் செய்கிறது, மனவுறுதி குறைந்ததால் அல்ல. இந்த நிலையில் டயட் சார்ட் கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் விடுவது போல. பருத்த உடம்புக்காரருக்கு உணவுக் கோளாறு வராது என்று பலர் நினைப்பதால் இது தவறிப்போகிறது. எடை வெகுவாகக் குறைந்தும் பார்வைக்குப் பருமனாகவே இருந்தபடி வரும் அனோரெக்ஸியாவும் (எடை கூடும் பயத்தில் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைக்கும் கோளாறு) உண்டு. 2013-இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேடு அதைத் தனியாகக் குறிப்பிடுகிறது. திருநம்பிகளில் சிலர் மாதவிடாய் நிற்கவும் மார்பு, இடுப்பு வளைவு தெரியாமலிருக்கவும் பட்டினி கிடக்கிறார்கள். உங்கள் காரணம் அதுவா, யாரோ சொன்ன 20 கிலோவா என்று யோசித்து வையுங்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

அதுவரை: எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிடுங்கள், இரண்டு இட்லி போதும். பிறகு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். முந்தின ராத்திரி அதிகமாகிவிட்டாலும் காலையை விடாதீர்கள். அங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள்.

எடையைக் குற்றவாளியாக்காத சிகிச்சை என்றால் பரிசோதனையே வேண்டாம் என்று பொருளில்லை. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை பாருங்கள். குறட்டையோ மூச்சுத்திணறி விழிப்பதோ இருந்தால் தூக்கப் பரிசோதனையும் தேவை. டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டால் மறைக்காமல் சொல்லுங்கள். பிரஷர் பார்க்கும்போது பெரிய கைப்பட்டையைக் கேளுங்கள். மேல்கைச் சுற்றளவு 35 செ.மீ.க்கு மேலிருந்தால் சாதாரணப் பட்டை பிரஷரை அதிகமாகக் காட்டும், இல்லாத நோய்க்கு மாத்திரை எழுதப்படலாம். மருந்துக்காக எடை பார்க்க வேண்டியிருந்தால் மெஷினுக்கு முதுகு காட்டி நின்று, "எண்ணைச் சொல்ல வேண்டாம்" என்று சொல்லலாம். மிர்டசாபின், ஓலன்சபின் போன்ற மனநல மருந்துகள் பசியைக் கூட்டும். எழுதும்போதே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். மனநல உதவி எண் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மற்றபடி நான்கு சிட்டிங் பொறுங்கள். அதில் இரண்டு உங்கள் எடையைப் பேசியே கழிந்திருந்தால் ஐந்தாவதுக்குப் போக வேண்டாம்.