வாசகர் கேள்வி பதில்: யூகோனுக்கு மூஸ் வேட்டைக்குப் புறப்படும் முன்

கேள்வி: எனக்குத் துப்பாக்கி உரிமம் உண்டு. ஒன்ராறியோவில் சில பருவங்களாக உடன் வேலை செய்பவர்களோடு மான் வேட்டைக்குப் போய்வருகிறேன். கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூகோன் பிரதேசத்தில், சாலைத் தொடர்பில்லாத ஏரிக்கரை விடுதி ஒன்றில் தங்கி, மூஸ் என்னும் பெரிய மான் இனத்தை வேட்டையாட விரும்புகிறேன். வழிகாட்டி இல்லாமல் போக முடியாதா? முன்பணம் கட்டும் முன் எவற்றை விசாரிக்க வேண்டும்?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: யூகோனில் குடியிருக்காத ஒருவர் அங்கே மூஸ் போன்ற பெரிய விலங்குகளைத் தனியாக வேட்டையாடச் சட்டம் இடம் தருவதில்லை. கனடாவில் வசிப்பவர் என்ற முறையில் உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு நிலப்பரப்பில் வேட்டைப் பயணங்களை நடத்தும் உரிமையை அரசிடம் பெற்றிருக்கும் அவுட்ஃபிட்டர் ஒருவருடன் செல்வது முதலாவது. யூகோனிலேயே குடியிருக்கும் நண்பரோ உறவினரோ அதற்கென்று சிறப்பு வழிகாட்டி அனுமதி பெற்று, உங்களிடம் கட்டணம் எதுவும் வாங்காமல் அழைத்துச் செல்வது இரண்டாவது. அங்கே அப்படி எவரும் இல்லையென்றால் அவுட்ஃபிட்டர்தான் வழி. பத்து நாள் மூஸ் வேட்டைக்கு அமெரிக்க நாணயத்தில் 25,000 டொலருக்கு மேல் கேட்பது இன்று வழமையாகிவிட்டது. விமானக் கட்டணம், அனுமதிப்பத்திரம், வழிகாட்டிக்குக் கொடுக்கும் அன்பளிப்பு, இறைச்சியைக் கொண்டுவரும் செலவு ஆகியவை பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்பவை என்பதால், மொத்தக் கணக்கை எழுத்தில் வாங்கிய பிறகே முடிவெடுங்கள்.

விசாரிக்கும்போது பெரும்பாலானோர் கொம்பின் அகலத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் இறைச்சியிலிருந்து தொடங்கச் சொல்வேன். யூகோனின் முழு வளர்ச்சியடைந்த ஆண் மூஸ் 600 கிலோவைத் தாண்டக்கூடும். எலும்பு நீக்கிய இறைச்சியே 200 கிலோவைத் தாண்டும். விலங்கு விழுந்த இடத்திலிருந்து ஏரிக்கரை வரை, கால் புதையும் சதுப்பு நிலத்தின் ஊடாக அதை யார் சுமப்பார்கள், எத்தனை முறை நடக்க வேண்டும், குதிரையோ படகோ உண்டா, விடுதியில் காற்றோட்டமான நிழலில் தொங்கவிட இடம் இருக்கிறதா, எத்தனை நாளுக்குள் விமானம் வந்து ஏற்றிச் செல்லும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணாக விட்டுவருவது யூகோனில் தண்டனைக்குரிய குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்யத் தகாத செயல் என்பதே என் உறுதியான கருத்து. நல்ல வழிகாட்டி, தண்ணீரிலிருந்து நெடுந்தூரத்தில் நிற்கும் அழகான விலங்கைக் கண்ணால் பார்த்துவிட்டு, இதைச் சுட்டால் கெடாமல் வெளியே கொண்டுபோக முடியாது என்று சொல்லித் திரும்பி நடப்பார். அவரிடம் அப்படி மறுத்த சந்தர்ப்பங்கள் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது காலம். யூகோனில் பருவம் பொதுவாக ஓகஸ்ட் முதலாம் திகதி தொடங்கி ஒக்டோபர் இறுதி வரை நீடிக்கிறது. உரிமம் பெற்று வேட்டையாடுவோர் ஆண் மூஸை மட்டுமே சுடலாம். ஓகஸ்டில் கொம்பு இன்னும் மென்தோலுக்குள் இருக்கும், கொசுவும் கறுப்பு ஈயும் மொய்க்கும், பகல் வெப்பத்தில் இறைச்சி விரைவில் கெடும். செப்டெம்பர் பிற்பகுதியில் இணைசேரும் காலம் தொடங்கிவிடுவதால், வழிகாட்டி பெண் மூஸைப் போலக் குரல் கொடுத்தால் ஆண் மூஸ் தேடிவரும். மறக்க முடியாத காட்சி அது. ஆனால் இணைசேரும் காலம் முற்றிய பின் உணவைத் துறந்து அலையும் ஆண் மூஸின் உடல் மெலிந்துவிடும், இறைச்சியின் வாடையும் கடுமையாகும். சமையலுக்காகவே போகிறவர்கள் செப்டெம்பரின் முதல் பாதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மூன்றாவதாக, அந்த நிலம் யாருடையது என்பதைக் கேளுங்கள். யூகோனின் 14 முதற்குடி மக்களினங்களில் 11 இனங்கள், 1993இல் கையெழுத்தான பொது உடன்படிக்கையின் அடிப்படையில், அரசுடன் இறுதி ஒப்பந்தங்கள் செய்திருக்கின்றன. அந்த ஒப்பந்தங்களின்படி ‘ஏ’ பிரிவு எனப்படும் நிலங்களில் அந்தந்த மக்களின் ஒப்புதலின்றி வெளியார் வேட்டையாட முடியாது. அவுட்ஃபிட்டர் தம்முடைய எல்லையையும் இந்த நிலங்களையும் ஒரே வரைபடத்தில் வைத்துக் காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

ஒப்பந்தத் தாளில் இரண்டு விடயங்களைக் கூர்ந்து படியுங்கள். வானிலையால் பறக்க முடியாமல் போகும் நாள்களுக்கு ஈடு உண்டா என்பது ஒன்று. காயப்பட்ட விலங்கு கிடைக்காமல் போனால் அத்துடன் உங்கள் வேட்டை முடிந்ததாகக் கொள்ளப்படுமா என்பது மற்றது. பல அவுட்ஃபிட்டர்கள் அப்படித்தான் விதித்திருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. முன்பு சென்றவர்களின் தொடர்பை வாங்கும்போது, எதுவும் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பியவர் ஒருவரின் தொடர்பையும் கேட்டு வாங்குங்கள். விடுதி நடந்துகொண்ட விதத்தைப் பற்றி அவர் சொல்வதே அதிகம் பயன்படும்.

கேள்வி: நானும் தம்பியும் யூகோனின் தலைநகரான வைற்ஹோர்ஸ் வரை பயணிகள் விமானத்திலும் அங்கிருந்து, நீரில் இறங்கும் மிதவை விமானத்திலும் போகிறோம். துப்பாக்கியை எப்படிக் கொண்டுபோவது? உடைகளில் எவை அவசியம்?
– வாசகர், பிரம்டன்

பதில்: பயணிகள் விமானத்தில் துப்பாக்கி, குண்டு நீக்கப்பட்டு, பூட்டிய கடினமான பெட்டியில், பதிவுப் பொதியாக மட்டுமே போகும், பொதியைக் கொடுக்கும் இடத்தில் அதை அறிவிக்க வேண்டும். தோட்டாக்கள் ஒருவருக்கு 5 கிலோ வரை அனுமதிக்கப்படும். கரடியை விரட்டும் மிளகு ஸ்பிரேயைப் பயணிகள் விமானத்தில் எந்தப் பொதியிலும் கொண்டுபோக முடியாது. அதை வைற்ஹோர்ஸில் வாங்கி, மிதவை விமானத்தின் விமானியிடம் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். கசிந்தால் விமானியின் கண்களைப் பாதிக்கும் என்பதால் அதைப் பயணிகள் அறையில் வைக்காமல் மிதவையின் உள்ளறையில் வைப்பது வழக்கம்.

மிதவை விமானத்தில் நிலைமை வேறு. 1947இல் முதன்முதலாகப் பறந்த பீவர் வகை விமானங்களே வடக்கின் பல ஏரிகளில் இன்றும் பறக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. கடினமான பெட்டியை வைற்ஹோர்ஸில் விட்டுவிட்டு, துப்பாக்கியை மென்மையான உறைக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். உடைகளைச் சக்கரமில்லாத துணிப்பையில் அடுக்குங்கள். எடை வரம்பு எவ்வளவு என்பதை அவுட்ஃபிட்டரிடம் கேட்டு, வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

உடையில் பருத்தியைத் தவிர்த்துவிடுங்கள். நனைந்த பருத்தி உடல் வெப்பத்தை உறிஞ்சிவிடும், ஜீன்ஸ் எனப்படும் நீலக் காற்சட்டையும் அப்படித்தான். உள்ளே கம்பளி, நடுவில் வெப்பம் காக்கும் அடுக்கு, வெளியே நல்ல மழையங்கி என மூன்று அடுக்குகளும், இடுப்பளவு நீர்க்காலணியும், ஊரிலேயே பல மாதம் நடந்து பழகிய சப்பாத்தும் தேவை. செப்டெம்பரில் பகலில் இதமான வெயிலும் அன்றிரவே உறைபனியும் வரும். மூடுபனியால் விமானம் வராமல் ஓரிரு நாள்கள் காத்திருப்பது அங்கே சாதாரணம் என்பதால், திரும்பும் பயணச்சீட்டுக்கும் வேலைக்குத் திரும்பும் நாளுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது குறி பார்க்கும் பயிற்சி. மேசையில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துச் சுடுவது காட்டில் உதவாது. மண்டியிட்டும், உட்கார்ந்தும், கவைக்கோலில் தாங்கியும், மூச்சு வாங்க ஓடிவந்து நின்றும் பயிற்சி செய்யுங்கள். எவ்வளவு தொலைவுக்குள் பத்துக்குப் பத்தும் தவறாமல் பதிகிறதோ அதுவே உங்கள் எல்லை என்று வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஓர் உயிரை வலியில் துடிக்கவிடாமல் இருப்பதற்கு இந்த நேர்மையே அடிப்படை.

கேள்வி: வடக்கு கியூபெக்கில் கரிபு என்னும் வடபுல மானை வேட்டையாடவென்றே பல விடுதிகள் இருந்ததாக மூத்த நண்பர்கள் சொல்கிறார்கள். மொன்றியலிலிருந்து அது பக்கம். அங்கே இப்போது முன்பதிவு செய்யலாமா?
– வாசகர், மொன்றியல்

பதில்: முடியாது. உரிமம் பெற்றோருக்கான கரிபு வேட்டை அந்தப் பகுதியில் 2018இன் தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அங்குள்ள ஜோர்ஜ் ஆற்று மந்தை 1990களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 8 லட்சம் கரிபுகளைக் கொண்டிருந்தது. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது சுமார் 5,500 ஆகச் சுருங்கியிருந்தது. கிழக்கே அடுத்துள்ள லாப்ரடோர் பக்கம் 2013இலேயே தடை வந்துவிட்டது. மேற்கே வடமேற்குப் பிரதேசங்களில் பாதர்ஸ்ட் மந்தையும் இதேபோலச் சரிந்தது. கரிபுவின் எண்ணிக்கை இயல்பாகவே நீண்ட சுழற்சியில் ஏறி இறங்கும் என்றாலும், சாலைகள், சுரங்கங்கள், மாறிவரும் தட்பவெப்பம், வேட்டை ஆகியவை ஒன்றுசேரும்போது சரிந்த மந்தை மீண்டெழுவது கடினமாகிறது. இந்த மந்தைகளை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இன்னு, இனுயிட், கிறீ, நஸ்காபி மக்களுக்கு இது உணவையும் பண்பாட்டையும் ஒருசேர இழக்கும் துயரம். அங்கே கரிபுவுக்கு முன்பதிவு வாங்குவதாக எவரேனும் சொன்னால் பணம் அனுப்பாதீர்கள்.

கிழக்கிலேயே போக வேண்டுமென்றால் நியூஃபவுண்ட்லாந்தைக் கருதிப் பாருங்கள். 1904இல் நியூ பிரன்சுவிக்கிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட நான்கு மூஸ்களின் வழிவந்த கூட்டம் இன்று அந்தத் தீவெங்கும் பரவி, காட்டின் இளமரக்கன்றுகளை மேய்ந்து அழிக்கும் அளவுக்குப் பெருகியிருக்கிறது. அங்கும் வெளியூரார் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். உள்நாட்டு ஏரிகளில் விமானத்தில் மட்டுமே சென்றடையக்கூடிய விடுதிகள் உண்டு. செலவோ யூகோனைவிட மிகக் குறைவு. முதன்முறையாகப் போகிறவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

கேள்வி: என் கணவர் செப்டெம்பரில் யூகோன் போகிறார். இறைச்சியை வீடு வரை கொண்டுவர முடியுமா? ஈரலையும் கொண்டுவரச் சொல்லலாமா? அங்கே விபத்து ஏற்பட்டால் ஒன்ராறியோ சுகாதார அட்டை போதுமா?
– வாசகி, ஏஜாக்ஸ்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போதாது. மாகாணத்துக்கு வெளியே ஆம்புலன்ஸ் செலவை, அது தரைவழியாக இருந்தாலும் வான்வழியாக இருந்தாலும், ஒன்ராறியோவின் சுகாதாரக் காப்புறுதி ஏற்பதில்லை. காட்டிலிருந்து ஒருவரை வானூர்தியில் மீட்டுக் கொண்டுவர ஆகும் செலவு ஒரு குடும்பத்தையே நிலைகுலையச் செய்துவிடும். ஆகவே அவசர மீட்பை உள்ளடக்கிய பயணக் காப்புறுதியை அவர் கட்டாயம் எடுக்க வேண்டும். வேட்டைப் பயணத்துக்கு அது செல்லுபடியாகுமா என்பதை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசி அங்கே வேலை செய்யாது. செய்மதி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்று அவரிடமும், விடுதியின் தொடர்பு எண் உங்களிடமும் இருக்கட்டும்.

இறைச்சியைக் கொண்டுவரலாம். யூகோனிலிருந்து வெளியே எடுத்துச் செல்ல ஏற்றுமதி அனுமதி வாங்க வேண்டும். வைற்ஹோர்ஸில் வெட்டிப் பொதிசெய்து, உறையவைத்து, காப்புப் பெட்டிகளில் விமானப் பொதியாக அனுப்புவார்கள். 200 கிலோவையும் கொண்டுவருவது பலருக்கு இயலாது என்பதால், ஒரு பகுதியை அங்குள்ள குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டு வருவது நல்ல வழக்கம். வேட்டை இறைச்சியை விற்க மட்டும் கூடாது. மான் இனங்களை நலிவித்துக் கொல்லும் ‘குரோனிக் வேஸ்டிங்’ என்ற மூளை நோய் பரவாமலிருக்க, வெளியிடங்களில் சுட்ட மூஸின் மூளை, கண், முதுகுத்தண்டு போன்ற பகுதிகளை ஒன்ராறியோவுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. எலும்பு நீக்கிய இறைச்சியும், திசு ஒட்டாமல் சுத்தம் செய்த கொம்பும் வரலாம்.

ஈரல் பிரட்டலை எதிர்பார்த்திருப்பீர்கள் என்று தெரிந்தும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. யூகோன் மூஸின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கட்மியம் என்ற உலோகம் சேர்கிறது. மண்ணிலிருந்து அதை இழுத்துக்கொள்ளும் வில்லோ செடியே மூஸின் முக்கிய உணவு என்பதால், விலங்கின் வயது ஏற ஏற அளவும் கூடுகிறது. இவ்விரண்டு உறுப்புகளையும் அளவோடு மட்டுமே உண்ணும்படி அந்தப் பிரதேசத்தின் சுகாதாரத் துறையே அறிவுறுத்துகிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் தவிர்த்துவிடுவதே மேல். தசை இறைச்சிக்கு இந்தக் கவலை இல்லை. அதில் கொழுப்பு மிகக் குறைவு. ஆட்டிறைச்சியைப் போல அவசரமாக வேகவைத்தால் இறுகிவிடும். சிறு தீயில் நீண்ட நேரம் வைத்து, தேங்காய்ப்பாலைக் கடைசியில் சேர்த்தால் யாழ்ப்பாணத்து வறுத்த தூள் அதற்கு மிகவும் பொருந்தும்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வருகையாளர் விசாவில் வரும் மைத்துனரும் எங்களோடு யூகோன் விடுதிக்கு வரலாமா?
– வாசகர், மார்க்கம்

பதில்: வேட்டையாட விரும்பினால், கனடியர் அல்லாதவர் என்பதால் அவருக்கு அவுட்ஃபிட்டர் வழி மட்டுமே உண்டு. யூகோன் நண்பரின் சிறப்பு அனுமதி அவருக்குப் பொருந்தாது. துப்பாக்கி உரிமம் இல்லாதவர், உரிமம் உள்ள ஒருவரின் நேரடியான, உடனடியான மேற்பார்வையில் மட்டுமே துப்பாக்கியைக் கையாளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே இதை வழிகாட்டியிடம் முன்பதிவின்போதே பேசிவிடுங்கள். வெறும் பார்வையாளராக வருவதானால் பல விடுதிகள் வேட்டைக் கட்டணத்தைவிட மிகக் குறைந்த தொகைக்கு இடம் தருகின்றன. ஆனால் மிதவை விமானத்தில் அவருடைய எடையும் பொதியும் உங்கள் கணக்கில்தான் சேரும் என்பதால், திரும்பும் வழியில் இறைச்சிக்காக இன்னொரு முறை விமானத்தை அழைக்க ஆகும் செலவையும் சேர்த்தே விலை கேளுங்கள்.