ஏப்ரலில் கோகனி பிடிக்க டவுன்ரிக்கர் வேண்டுமா?

கேள்வி: ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகருக்கு வந்து 4 மாதமாகிறது. ஏப்ரலில் நண்பரின் படகில் லக்கி பீக் நீர்த்தேக்கத்தில் 60 அடி ஆழத்தில் தூண்டில் இழுத்தும் கோகனி சால்மன் சிக்கவில்லை. கனமான குண்டைக் கம்பியில் இறக்கித் தூண்டிலை ஆழத்தில் நிறுத்தும் கருவியான டவுன்ரிக்கர் வாங்கினால்தான் கிடைக்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். மீன் மேலே இருக்க, உங்கள் தூண்டில் கீழே போயிருக்கிறது. கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழ்ந்து முடியும் சாக்கை சால்மன்தான் கோகனி. அதற்கு உவப்பான நீர் ஏறக்குறைய 10 முதல் 13 டிகிரி செல்சியஸ். கோடையில் மேல்நீர் சூடேறும்போது ஆழத்துக்கு இறங்கும் இந்த மீன், நீர் முழுவதும் குளிர்ந்து கிடக்கும் ஏப்ரலில், வெயில் பட்டுச் சற்றே குளிர் தணிந்த முதல் 20 அடிக்குள்தான் பெரும்பாலும் திரியும். படகைக் கண்டு விலகிவிடுவதால் மீன்காட்டும் கருவியிலும் தெரியாது. திரை வெறுமையாக இருக்கிறதே என்று மேலும் ஆழத்துக்கு இறக்குவதுதான் பலரும் செய்கிற தவறு.

ஆகவே எடை கட்டாமல், படகுக்குப் பின்னால் 100 முதல் 150 அடி வரை தூண்டில் நரம்பை விடுங்கள். ஆடி மின்னி மீனை ஈர்க்கும் 4 அங்குல டாட்ஜர் தகடு, அதிலிருந்து 10 அங்குலத் தங்கூஸில் இளஞ்சிவப்பு ஹூச்சி (கணவாய் வடிவச் செயற்கை இரை), கொக்கி முனையில் டப்பாவில் வரும் வெள்ளை மக்காச்சோள மணி ஒன்று, இவ்வளவு போதும். மணிக்கு 1 மைல் வேகத்தில் வளைந்து வளைந்து ஓட்டுங்கள். திரும்பும்போது வெளிப்பக்கத் தூண்டிலில் மீன் அடித்தால் சற்று வேகம் கூட்டுங்கள், உட்பக்கத்தில் அடித்தால் குறையுங்கள். வாய் மென்மையான மீன் என்பதால் வளைந்து கொடுக்கும் கழியே ஏற்றது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மேல்நீர் 13 டிகிரியைத் தாண்டிவிட்டால் மீன் இறங்கத் தொடங்கும். ஆனால் அந்த அளவைப் பிற்பகலில் எடுக்கக் கூடாது, ஏனெனில் காற்றில்லாத நாளில் மேலே உள்ள மெல்லிய படலம் மட்டும் சூடாகியிருக்கும். கரையோரக் குடாவிலும் எடுக்கக் கூடாது, அங்கே நீர் எப்போதும் முந்திச் சூடாகும். ஏரியின் நடுப்பகுதியில், அதிகாலையில், அடுத்தடுத்த நாட்களிலும் 13-ஐத் தாண்டினால்தான் அது கணக்கு. அப்போதும் 30 அடி வரைக்கும் சில அவுன்ஸ் ஈயமே போதும். அதற்கும் கீழே மீன் போன பிறகு டவுன்ரிக்கரைப் பற்றி யோசிக்கலாம்.

கடைக்காரர் அடுத்து வாசனைத் திரவப் புட்டிகளை நீட்டுவார்; மிதவை உயிரிகளைத் தின்று வாழும் மீனுக்கு நான்கைந்து வகை வாசனை எதற்கு? அவரைவிட ஆபத்தானவர்கள், வழிகாட்டியை அமர்த்தித் தருவதாக முன்பணம் கேட்கும் இடைத்தரகர்கள். ஐடஹோவில் பணம் பெற்று மீன்பிடிக்க அழைத்துச் செல்பவர் மாநில வாரியத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும்; அதைக் காட்டாதவருக்கு ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். “எங்கள் படகில் ஏறினால் உங்களுக்குத் தனி உரிமம் வேண்டாம்” என்பது கலப்படமற்ற பொய்.

உங்களுக்கான அந்த மீன்பிடி உரிமத்தை உள்ளூர்வாசிக் கட்டணத்தில் பெற 6 மாதம் குடியிருந்திருக்க வேண்டும். அதுவரை நீங்கள் வெளியூர்க்காரர், கட்டணமும் கூடுதல். இரண்டாவது தூண்டிலுக்குத் தனி அனுமதி; படகுக்கு ஊடுருவும் உயிரினத் தடுப்பு ஒட்டி, அதுவும் வேறொரு துறையிடமிருந்து; எத்தனை மீன் எடுக்கலாம் என்பதற்கு விதிநூலைப் புரட்ட வேண்டும். இவற்றை ஒரே சீட்டில் தர இந்த நிர்வாகத்துக்கு என்ன தடையோ, எனக்கு விளங்கவில்லை. டவுன்ரிக்கருக்கு வைத்திருந்த பணத்தில் முதலில் இவற்றை முடித்துக்கொள்ளுங்கள்.