மகள் பராமரிப்பு வேலைக்குப் போகலாமா?

அம்மா, உயர்தரம் முடித்த மகள் வயோதிபர் பராமரிப்புப் படிக்கப் போகிறேன் என்கிறாள். "ஆரோ ஆக்களின்ர மலசலம் அள்ளவோ பிள்ளையைப் படிப்பிச்சனான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அள்ளத்தான் வேண்டும், அதை மறைக்கமாட்டேன். ஆனால் அது இந்த வேலையில் லேசான பகுதி.

பிள்ளைகள் கனடா, லண்டன் என்று போய்விட, யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் வயதானவர்கள் தனித்துப்போனார்கள். அவர்களில் மறதி நோய் முற்றியவர்களுக்குப் பேச்சும் நடையும் போய், பிறகு விழுங்குவதே கஷ்டமாகிவிடும். கஞ்சி பருக்குவதென்றால் முதலில் நிமிர்த்தி இருத்தவேண்டும். அரைக் கரண்டி கொடுத்து, தொண்டை அசைந்து இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய் நியூமோனியா வரும்; இந்த நோயாளிகள் பலரைக் கடைசியில் கொண்டுபோவது அதுதான். நோகுது என்று சொல்லத் தெரியாதவரின் நோவை, புரட்டும்போது நெற்றி சுருங்குவதிலும் முனகலிலும் கண்டுபிடிக்கவேண்டும். சாப்பாடு நின்றதும் வெளிநாட்டிலிருந்து மகன் போன் எடுத்து, மூக்கால் குழாய் போடச் சொல்லி நிற்பார். முற்றிய நிலையில் குழாய் ஆயுளைக் கூட்டும் என்பதற்குச் சான்றில்லை. அதை டொக்டர்தான் அவருக்கு விளங்கப்படுத்தவேண்டும், உங்கள் மகள் அல்ல. ஆனால் இரவிரவாக வாய் காயாமல் ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருக்கப்போவது அவள்தான்.

நான் பயப்படுவது, ஒன்றும் பழகாமல் அப்படியொரு வீட்டுக்குள் தனியே போய்ச் சேர்வதற்கு. ஆகவே என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் பயிற்சியாகப் பாருங்கள். காசு கட்டமுன், அந்த நிலையம் அரசின் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று விசாரியுங்கள். சுவரில் தொங்கும் பெரிய சான்றிதழை நம்பவேண்டாம்.

வேலைக்குப் போகும்போது சம்பளம், நித்திரை நேரம், லீவு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். முழு வீட்டுக்கும் சமைக்கிறதும் உடுப்புத் தோய்க்கிறதும் அவள் தலையில் வரக்கூடாது. பார்த்துக்கொண்டிருந்தவர் இறந்தால் சம்பளம் எதுவரை என்பதையும் முதலே பேசுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் கேட்கவேண்டும்.

லண்டன் கனவிருந்தால் இப்போதைக்கு விடுங்கள்: பிரித்தானியா பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலையில் நிறுத்திவிட்டது. அந்த விசா எடுத்துத் தருகிறேன் என்று வரும் ஏஜென்சிக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஜப்பானுக்கு வழியுண்டு, ஜப்பானிய மொழியும் பராமரிப்புத் தேர்வும் பாஸ் பண்ணவேண்டும்.

சரி, முடிவெடுக்கமுன் ஒரு காரியம். கைதடி முதியோர் இல்லத்தில் அனுமதி கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் மகளை ஒருநாள் நின்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போங்கள்.